கேளுங்கோ, சொல்லுறன்: கோப்பைக்கு மேல லஞ்சீற் எதுக்கு?

போன இதழில சாப்பாட்டுக் கடையளில பொலித்தீன் பாவிக்கிறதைப் பற்றி ரெண்டே ரெண்டு வரிதான் எழுதினனான், அதுக்கு இவ்வளவு கடிதம் வருமெண்டு நினைக்கேல்ல. அதால இந்த முறை மற்றக் கேள்வியளை எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இதை மட்டும் எடுக்கிறன். லஞ்சீற் எண்டது சாப்பாட்டுக் கோப்பைக்கு, அதாவது தட்டுக்கு, மேல விரிக்கிற மெல்லிசுப் பொலித்தீன் தாள். மற்றவை குறை நினைக்காதேங்கோ, உங்கட முறையும் வரும்.

அக்கா, மாங்குளத்தில ஏ9 ரோட்டோரமா சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிறன். மத்தியானம் பஸ் நிண்டா ஒரே சனம். கோப்பைக்கு மேல லஞ்சீற் போட்டுத்தான் சோறு குடுக்கிறது, சாப்பிட்டு முடிய உருவி எறிஞ்சிட்டு அடுத்த ஆளுக்குப் போடலாம். போன கிழமை பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து உதை நிப்பாட்டச் சொல்லிப்போட்டுப் போட்டார். உண்மையா தடை இருக்கோ, இல்லாட்டி வெருட்டோ? சுத்திவர எல்லாக் கடையிலயும் பாவிக்கினம். கோடையில கிணறு வத்துது, நான் எதால கோப்பை கழுவுறது?
(ஒரு கடைக்காரர், மாங்குளம்)

வெருட்டு இல்லை தம்பி, தடைதான். அதுவும் நேற்று முந்தநாள் வந்ததில்லை. 20 மைக்ரோன் தடிப்புக்குக் குறைஞ்ச மெல்லிசுப் பொலித்தீனுக்கு 2007ஆம் ஆண்டே தடை போட்டவை. பேருக்குத்தான் கிடந்தது. பிறகு 2017 சித்திரை வருசப் பிறப்பன்று கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்லையில குப்பை மலை சரிஞ்சு வீடுகளுக்கு மேல விழுந்து முப்பதுக்கு மேல சனம் செத்துதே, அதுக்குப் பிறகுதான் அரசாங்கம் முழிச்சது. அந்த வருசம் செப்டெம்பரில பொலித்தீன் லஞ்சீற், ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) சாப்பாட்டுப் பெட்டி, ரெஜிபோம் கப், ரெஜிபோம் கோப்பை எல்லாத்தையும் செய்யவும் விக்கவும் பாவிக்கவும் கூடாதெண்டு சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ வர்த்தமானி போட்டவை, குப்பையோட பிளாஸ்ரிக்கை வெளியில போட்டு எரிக்கிறதையும் சேர்த்துத் தடுத்தவை. மீறினா 10,000 ரூபா வரை தண்டம், இல்லாட்டி 2 வருசம் வரை மறியல், ரெண்டும் சேர்ந்தும் வரலாம் எண்டு அப்ப சொன்னவை. லஞ்சீற்றை 2021 ஆகஸ்டில திரும்பவும் ஒருக்கா தடை எண்டு அறிவிச்சவை. ஒரு சாமானை ரெண்டு தரம் தடை செய்யவேண்டி வந்தாலே தெரியுமே, முதல் தரம் எவ்வளவு கேட்டு நடந்திருக்கினம் எண்டு.

அதோட விடேல்ல. 2023 ஒக்ரோபர் 1ஆம் திகதியில இருந்து ஒருக்காப் பாவிச்சு எறியிற பிளாஸ்ரிக் ஸ்ரோ, கலக்கிற குச்சி, கோப்பை, கப், கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, யோகட் கரண்டி, பிளாஸ்ரிக் மாலை, பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு எல்லாம் தடை. யோகட் கப்பை மட்டும் விட்டு வச்சிருக்கினம். 2025 நவம்பர் 1ஆம் திகதியில இருந்து சொப்பிங் பாக்கைச் சும்மா குடுக்கேலாது, காசு வாங்கவேணும், அந்தக் காசு பில்லிலயும் தெரியவேணும். பக்கத்துக் கடைக்காரர் பாவிக்கிறார் எண்டது உங்களுக்குச் சாட்டில்லை, பிடிபடேக்க அவர் வந்து உங்கட தண்டத்தைக் கட்டப் போறதில்லைத்தானே.

சரி, சட்டம் கிடக்கட்டும். எனக்கு மனசில கிடக்கிறது வேற. போன வருசம் ரோட்டோரக் கடை ஒண்டில சாப்பிட்டனான். கீழ நல்ல சில்வர் கோப்பை, மேல லஞ்சீற். பத்து நிமிசத்தில சாப்பிட்டு எழும்ப அந்தப் பெடியன் லஞ்சீற்றை மிச்சச் சோத்தோட சுருட்டிப் பின்பக்க வேலியால எறிஞ்சான். கை கழுவப் போகேக்கதான் பாத்தன், வேலிக்கு அங்கால வாய்க்கால், வாய்க்கால் கரை முழுக்க லஞ்சீற், அதுக்க நாலஞ்சு மாடு சோத்துக்காக அதையும் சேர்த்துச் சப்பிக்கொண்டு நிக்குது. பத்து நிமிசச் சாப்பாட்டுக்கு நூற்றுக்கணக்கான வருசம் உக்காத சாமான். கீழ கோப்பை இருக்கு தம்பி! கழுவிற பஞ்சிக்குத்தான் அந்த லஞ்சீற். இதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் வயிறு எரியுது.

தண்ணிப் பிரச்சினை உண்மை, நான் மறுக்கேல்ல. ஆவணியில எங்கட கிணறும் அடி தெரியும். ஆனா தண்ணியைத் தின்னிறது கோப்பையில்லை, திறந்து விட்ட பைப். மூண்டு பெரிய பேசின் வையுங்கோ. முதல்ல மிச்சத்தை வழிச்சு ஒரு வாளிக்குள்ள போடுங்கோ, அது கோழிக்கோ பன்றிக்கோ போகட்டும், எண்ணெய்ப் பிசுக்கைத் தும்பும் சாம்பலும் போட்டுத் துடைச்செடுங்கோ. முதல் பேசினில சவர்க்காரத் தண்ணி, ரெண்டாவதில அலசிற தண்ணி, மூண்டாவதில நல்ல சுடுதண்ணி. சுடுதண்ணியில முக்கிக் குத்தி வச்சீங்களெண்டா துணியால துடைக்கவும் தேவையில்லை, தன்பாட்டில காஞ்சிடும். அலசின தண்ணி பழுதாகப் பழுதாக அதை முதல் பேசினுக்கு எடுத்தா அதே தண்ணி ரெண்டு வேலை செய்யும். கடைசியில கழிக்கிற தண்ணியைக் கல்லும் மணலும் போட்ட கிடங்குக்குள்ளால விட்டு வாழைக்குப் போக விடுங்கோ. பின்வளவில பத்து வாழை நிண்டாக் காணும், அந்த வாழையில வெட்டின இலையைத் துண்டு போட்டுக் கோப்பைக்கு மேல வைக்கலாம், லஞ்சீற் போட்ட அதே இடத்தில. அப்ப கோப்பையும் அவ்வளவா ஊத்தையாகாது. இலை மாட்டுக்குப் போனாலும் மாடு சாகாது.

பார்சலுக்கு எண்டா இலையைத் தணலில ஒருக்கா வாட்டி எடுங்கோ, வாட்டாத இலை மடிக்கேக்க கிழியும், அந்தக் கோவத்திலதான் கனபேர் இலையை விட்டுட்டு லஞ்சீற்றுக்குப் போறது. வெளியால பேப்பர் சுத்தலாம், ஆனா பேப்பர் மை சோத்தில படக்கூடாது, இலை முழுசா மூடியிருக்கவேணும்.

கடையில பருப்புக் கறியும் பிளேன்ரீயும் கொதிக்கக் கொதிக்க சொப்பிங் பாக்குக்குள்ள ஊத்திக் கட்டித் தருகினம். மனிசன் வேலையால வரேக்க அப்பிடித்தான் கொண்டு வாறார். பிள்ளையளுக்குக் குடுக்கப் பயமா இருக்கு. ஏதும் செய்யுமோ அக்கா?
(ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

குடுக்காதேங்கோ தங்கச்சி. ஒரு நாள் குடிச்சவுடன ஆள் விழமாட்டார், அதாலதான் சனத்துக்குப் பயமில்லை. பொலித்தீனைச் செய்யேக்க நிறத்துக்கும் இளக்கத்துக்கும் எண்டு கன சாமான் கலக்கிறது. சூடும் எண்ணெயும் சேர்ந்தா அதுகள் சாப்பாட்டுக்குள்ள இறங்கிறது கூட. பருப்புக் கறியில ரெண்டும் இருக்கு. ரெஜிபோம் இன்னும் மோசம், அது எதால செய்யிறதோ அந்த ஸ்ரைரீனை உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2018இல "புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாயிருக்கலாம்" எண்ட வகைக்கு மேல ஒரு படி ஏத்தி, "பெரும்பாலும் உண்டாக்கக் கூடியது" எண்ட வகைக்குள்ள போட்டிட்டுது.

பேப்பர் கப் எண்டாப் பறவாயில்லை எண்டு நினைக்காதேங்கோ. தேத்தண்ணி ஊறாமல் நிக்கிறதே அதுக்குள்ள மெல்லிசாப் பிளாஸ்ரிக் பூசியிருக்கிறதாலதான். இந்தியாவில கரக்பூர் ஐஐடிக்காரர் சோதிச்சுப் பாத்தவை, 100 மில்லிலீற்றர் சுடுதண்ணியை 15 நிமிசம் பேப்பர் கப்புக்குள்ள விட 25,000 அளவில நுண்பிளாஸ்ரிக் துணிக்கையள் தண்ணிக்குள்ள வந்திருக்கு. அதை வாசிச்சதில இருந்து நான் கடையில கிளாஸ் ரம்ளர் இல்லாட்டித் தேத்தண்ணி குடிக்கிறதில்லை.

உங்கட மனிசனுக்கு ஒரு தூக்குச்சட்டி வாங்கிக் குடுங்கோ. சைக்கிள் கைபிடியில கொழுவிக்கொண்டு போகலாம். எங்கட அப்பா ஆக்கள் அப்பிடித்தானே போய்வந்தவை. யுத்தத்தில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெய் வாங்கவும் போத்தல், தேங்காயெண்ணெய் வாங்கவும் போத்தல், சாமானுக்குப் பனையோலை உமல் எண்டு வீட்டில இருந்து கொண்டு போன சனம் நாங்கள். அப்ப ஏலுமெண்டா இப்பவும் ஏலும்.

உக்கக் கூடிய லஞ்சீற், உக்கக் கூடிய கப் எண்டு விக்கினமே, விலையும் கூட. வாங்கலாமோ?
(ஒரு கேட்டரிங் செய்யிற பெடியன், வவுனியா)

ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு லஞ்சீற்றை எடுத்து உங்கட வளவில ஒரு சாண் ஆழத்தில தாட்டு, பக்கத்தில ஒரு வாழை இலைத் துண்டையும் தாட்டு, மூண்டு மாசம் கழிச்சுக் கிண்டிப் பாருங்கோ.

உக்கிறது எண்டு எழுதியிருக்கிறதில ரெண்டு மூண்டு சாதி இருக்கு தம்பி. ஒண்டு சாதாரண பொலித்தீனுக்குள்ள ஏதோ மருந்தைக் கலந்து வெயிலில நொருங்க வைக்கிறது, அது உக்கிறேல்ல, சின்னச் சின்னத் துண்டாப் போகுது, பெரிய துண்டெண்டாலும் பொறுக்கி எடுக்கலாம், தூளாப் போனா யார் பொறுக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2021இல ஸ்ரோ, கரண்டியோட சேர்த்து அந்தச் சாமானையும் தடை செய்தது சும்மா இல்லை. மற்றது சோளத்து மாவில இருந்து எடுக்கிற பிஎல்ஏ எண்ட சாதி. அது உண்மையா உக்கும், ஆனா கிட்டத்தட்ட 60 பாகை சூடு நிண்டு பிடிக்கிற பெரிய கொம்போஸ்ட் ஆலையிலதான் உக்கும். வேலிக்கு அங்கால எறிஞ்சா அதுவும் மற்றதைப் போலத்தான் கிடக்கும். அப்பிடி ஆலை உங்களுக்குக் கிட்ட இருக்கோ எண்டு பாத்திட்டுக் காசைக் குடுங்கோ. இல்லாட்டி அந்தக் காசுக்கு நூறு சில்வர் கோப்பை வாங்கி வச்சு வாடகைக்கும் குடுக்கலாம், கலியாண வீடு, செத்தவீடு எல்லாத்துக்கும் கேப்பினம்.

நான் இருக்கிறது கலிபோர்னியாவில. இஞ்ச கடையில நாங்கள் கேட்டாத்தான் ஸ்ரோ, கரண்டி, சோஸ் பைக்கற் தருவினம், கேக்காமத் தரக்கூடாதெண்டு சட்டம். ஊருக்கு வந்தா கிளிநொச்சியில ஒரு கொத்துரொட்டிப் பார்சலுக்கு மூண்டு பாக் போட்டுத் தருகினம். கொழும்பைப் பாத்துக்கொண்டு இருக்காம எங்கட பிரதேச சபையளே ஏதும் செய்யேலாதோ?
(புலம்பெயர்ந்த வாசகர் ஒருத்தர்)

செய்யலாம், செய்யவும் வேணும். உங்கட பக்கத்திலயும் இது மேல இருந்து மட்டும் வந்ததில்லையே. 2007இல சான் பிரான்சிஸ்கோ நகரம் பெரிய கடையளில பிளாஸ்ரிக் பாக்கை நிப்பாட்டின பிறகு ஊர் ஊராப் பரவி, ஸ்ரோவைக் கேட்டாத்தான் குடுக்கலாம் எண்ட மாநிலச் சட்டம் 2019இலயும், கரண்டி, பைக்கற்றுக்கு 2022இலயும் வந்தது. தமிழ்நாட்டில 2019 தைமாசம் 1ஆம் திகதி 14 வகைச் சாமானை மாநிலமே தடை செய்தது, முழு இந்தியாவுக்கும் தடை 2022 யூலையிலதான். சின்ன இடம் முன்னுக்குப் போனாப் பெரிய இடம் பின்னால வரும்.

எங்கட பிரதேச சபையளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் உபவிதி போட அதிகாரம் குடுத்திருக்கு. சாப்பாட்டுக் கடை நடத்த வருசா வருசம் சபையிட்ட அனுமதிப்பத்திரம் எடுக்கவேணும். அந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்கேக்க ரெண்டு கேள்வி கேட்டாக் காணும்: கோப்பை கழுவ இடம் இருக்கோ, லஞ்சீற் பாவிக்கிறியளோ. கேக்கிறதுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஏற்கனவே இருக்கிற தடையைத்தானே கேக்கினம்.

ஆனா தண்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போற சபையில எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு விதவைப் பெம்பிளை பள்ளிக்கூட வாசலில இடியப்பம் வித்துப் பிள்ளையைப் படிப்பிக்கிறா, அவவிட்டப் போய்ப் பத்தாயிரம் கேக்கிறதோ? சபைக்கு வளவு இருக்கு, வாழை நடட்டும். மாதர் சங்கங்களிட்ட இலை வெட்டித் துண்டு போட்டுக் கட்டுக் கட்டா கடையளுக்குக் குடுக்கிற வேலையைக் குடுக்கட்டும். பனையோலை இருக்கு, பின்னத் தெரிஞ்ச கையள் பளையிலயும் பூநகரியிலயும் இன்னும் இருக்கு. பிளா, தட்டுவம், பெட்டி, உமல் எண்டு எங்களிட்ட இல்லாத பாத்திரமோ? ஓலை, பிரம்பு இடியப்பத் தட்டைத் தள்ளிப்போட்டுத்தான் பிளாஸ்ரிக் தட்டு வந்தது, இப்ப அதைத் தடை செய்தாச்சு, பழைய தட்டுக்குச் சந்தை திறந்து கிடக்கு. ஒரு சபையெண்டாலும் இதைப் பிடிச்சுச் செய்துகாட்டவேணும் எண்டு நான் எழுதி எழுதிக் களைச்சுப் போனன், இன்னும் எழுதுவன்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில எல்லா வாகனமும் நிக்குது. தேங்காய் உடைச்சுப்போட்டுக் கச்சான் வாங்காம ஆரும் போறேல்ல. முந்தி அந்தக் கச்சான் பேப்பர்ச் சுருளுக்குள்ள வந்தது. ஒரு இடத்தில தொடங்கவேணுமெண்டா அங்க தொடங்கலாம், வடக்குத் தெற்குச் சனம் எல்லாம் பாக்கிற இடம்.

எங்கட பசு ஒண்டு ரெண்டு கிழமையாச் சாப்பிடாம ஊதிச் செத்துப்போச்சு. மாட்டு டொக்டர் வெட்டிப் பாத்தா வயித்துக்குள்ள ஒரே பொலித்தீன், லஞ்சீற், கயிறு. யாரிட்டப் போய்க் கேக்கிறது?
(ஒரு விவசாயி, ஒட்டுசுட்டான்)

ஐயா, உங்கட கடிதத்தை வாசிச்சிட்டுக் கனநேரம் ஒண்டும் எழுதேலாம இருந்தனான். அசைபோடுற மாட்டின்ர முதல் வயித்துக்குள்ள போன பொலித்தீன் செரிக்கவும் மாட்டுது, கழியவும் மாட்டுது, ஒண்டோடொண்டு சுத்திப் பந்தாகி இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும். வயிறு நிறைஞ்ச மாதிரித் தெரியும், மாடு பட்டினியில சாகும். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில யானையளே பிளாஸ்ரிக்கைத் திண்டு எட்டு வருசத்தில 20 அளவில செத்ததெண்டு 2022இல செய்தி வந்தது. யானைக்கே அந்தக் கதி. வன்னியில மாடு அவிட்டு விட்டுத்தானே வளக்கிறது, அதுக்கு வேலியும் தெரியாது லஞ்சீற்றும் தெரியாது, சோத்து மணம்தான் தெரியும்.

செத்த மாட்டுக்கு நட்டம் வாங்க வழி சொல்ல எனக்கு ஏலாது. ஆனா மாட்டு டொக்டரிட்ட அந்தச் சோதனையை எழுத்தில வாங்குங்கோ, வயித்தில எடுத்ததைப் படம் பிடிச்சு வையுங்கோ, குப்பை எந்த இடத்தில கொட்டுப்படுது எண்டதையும் எழுதி பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின்ர மாவட்டக் கந்தோருக்கும் குடுங்கோ, பிரதி ஒண்டில கையெழுத்தும் திகதியும் வாங்க மறக்காதேங்கோ. வாயால சொன்னா வாயோட போகும். மிச்ச மாட்டை அந்தக் குப்பைப் பக்கம் ஒரு கொஞ்ச நாளைக்கெண்டாலும் விடாதேங்கோ.

கோயில் திருவிழாவுக்கு அன்னதானம், தாகசாந்தி. பிளாஸ்ரிக் கப்பும் லஞ்சீற்றும் இல்லாம ஆயிரக்கணக்கான சனத்துக்கு எப்பிடிக் குடுக்கிறது?
(கோயில் தொண்டர் ஒருத்தர், முள்ளியவளை)

தாமரை இலை. எங்கட குளங்களில கிடக்கு. அம்மம்மா ஆக்கள் அன்னதானத்துக்கு அதில சாப்பிட்ட கதை சொல்லுவா, சுடுசோறு விழ ஒரு வாசம் வரும். முதல் நாள் பின்னேரம் பறிச்சுத் தண்ணி தெளிச்சுச் சாக்கால மூடி வச்சா விடியவும் வாடாது. ஒரே குளத்தில வழிச்செடுக்காம ரெண்டு மூண்டு குளத்தில பறியுங்கோ, பூவும் கிழங்கும் நிக்கட்டும். தாகசாந்திக்குச் சில்வர் பேணியும் கழுவ ரெண்டு பெடியளும் காணும், மோர்ப்பந்தலில எப்பவும் அப்பிடித்தானே குடுத்தது. சோடினைக்குப் பொலித்தீன் கட்டுறதும் 2017 வர்த்தமானியில தடைதான், மாவிலையும் குருத்தோலையும் கட்டுங்கோ, சாமிக்குப் பிளாஸ்ரிக் மாலை போடாதேங்கோ.

நான் கடைக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு போறனான். "கறி அளவு தெரியாது" எண்டு கடைக்காரர் ஒராள் மாட்டன் எண்டிட்டார், நிண்டவையும் சிரிச்சவை. வெக்கமாப் போச்சு.
(ஒரு மாணவி, கிளிநொச்சி)

பிள்ளை, வெக்கப்பட வேண்டியது நீங்களில்லை. அளவுதான் அவருக்குப் பிரச்சினையெண்டா, முதல்ல அவரின்ர கோப்பையில ஒரு பார்சல் அளவுக்குப் போடச்சொல்லி அதை உங்கட பெட்டிக்குள்ள கொட்டச் சொல்லுங்கோ, ரெண்டு பேருக்கும் சந்தேகம் இராது. அப்பவும் மாட்டனெண்டா அடுத்த கடைக்குப் போங்கோ. மாங்குளத்துத் தம்பி, நீங்களும் இதை வாசிப்பியள்தானே, பெட்டி கொண்டு வாற பிள்ளைக்கு ஒரு அகப்பை சொதி கூட விடுங்கோ. லஞ்சீற், பாக் காசு உங்களுக்கு மிச்சம்.

பெட்டி வாங்கேக்க வாயில றபர் வளையம் இருக்கிறதாப் பாத்து வாங்குங்கோ பிள்ளை, சொதிக்கு வேற, சோத்துக்கு வேற எண்டு ரெண்டு தட்டுள்ள சில்வர்ப் பெட்டி நல்லம்.